தார் ரோட்டுலயும் பறக்கணும், வாய்க்கா மேட்டுலயும் ஓடணும்: எந்த சைக்கிள் எடுக்கறது

எங்க வீட்டுல இருந்து பெருந்துறை பக்கம் கிளம்புனா முதல்ல நல்ல தார் ரோடு, அப்புறம் கீழ்பவானி வாய்க்கா மேட்டுல ஏறிட்டா ஒரு பக்கம் தண்ணி ஒரு பக்கம் வயலு, கீழ செம்மண்ணு, ஜீப் போய் போய் விழுந்த ரெண்டு தடம், அதுக்கு நடுவுல புல்லு, அங்கங்க சரளை. பவானிசாகர் அணைல கிளம்பற இந்த வாய்க்கா 200 கிலோமீட்டர் ஓடுது, கரை மேலயே போகலாம், லாரி இல்ல ஹார்ன் இல்ல, காலைல ஆறு மணிக்கு அந்த மேட்டுல சைக்கிள் ஓட்டற சுகம் வேற எதுலயும் வராதுங்க. அதுல இறங்குனா ரெண்டு பக்கமும் வேலி போட்ட மண்ணு தடமான இட்டேரி, இட்டேரி முடிஞ்சா மறுபடியும் தார் ரோடு. நம்ம ஊர்ல நிறைய பேரு ஓட்டற ரூட்டு இப்படித்தான் கலந்து கட்டி இருக்குது, ஆனா கடைக்கு போனா தார் ரோட்டுக்கு ஒல்லி டயர் போட்ட ரோடு பைக்கா, மலைப்பாதைக்கு தடி டயர் போட்ட எம்டிபியான்னு ரெண்டே கேள்விதான் கேக்கறாங்க. அதனால இந்த கலவை ரூட்டுக்கு வேகமான சைக்கிள் எப்படி பார்த்து எடுக்கறதுன்னு எனக்கு தெரிஞ்சத முழுசா எழுதறேன்.

நான் முதல்ல எடுத்தது 25 எம்எம் டயர் போட்ட ரோடு பைக். தார் ரோட்டுல அம்பு மாதிரி போகும். வாய்க்கா மேட்டுல ஏறுன ரெண்டாவது நாளே ஒரு கல்லுல இடிச்சு பின் டயர் புஸ்ஸுனு இறங்கிருச்சு, ட்யூப கழட்டி பார்த்தா பாம்பு கடிச்ச மாதிரி பக்கத்துல பக்கத்துல ரெண்டு ஓட்டை. கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவுல ட்யூப் நசுங்குனா அப்படித்தான் வரும், ஒல்லி டயர்ல இது சுலபமா நடக்கும், காத்த ஏத்துனா பங்க்சர் குறையும் ஆனா உடம்பு ஆடுற ஆட்டத்துல கை மரத்துப்போகும். அன்னைக்கு நாலு கிலோமீட்டர் தள்ளிட்டு வந்தேன். அந்த நாலு கிலோமீட்டர்லதான் எனக்கு ஒன்னு புரிஞ்சுது, இந்த மாதிரி ரூட்டுல நேரம் போறது தார் ரோட்டுல இல்ல, மண்ணுலதான்.

கணக்கா பாருங்க. மொத்தம் 60 கிலோமீட்டர், 45 தார், 15 மண். ஒல்லி டயர் சைக்கிள்ல தார்ல மணிக்கு 28 கிலோமீட்டர் போறீங்க, மண்ணுல பயந்து பயந்து 15. தாருக்கு 96 நிமிஷம், மண்ணுக்கு 60 நிமிஷம், மொத்தம் 156. இப்ப 38 எம்எம் டயர் போட்ட சைக்கிள்ல தார்ல 27தான் வருதுன்னு வச்சுக்குங்க, மண்ணுல தைரியமா 20 போறீங்க, 100 நிமிஷம் கூட்டல் 45 நிமிஷம், 145. தார்ல ஸ்லோவா போன சைக்கிள் வீட்டுக்கு 11 நிமிஷம் முன்னாடி வந்துருச்சு. அதனால வேகமான சைக்கிள் வேணும்னா மெதுவா போற இடத்துல உங்கள கைவிடாத சைக்கிளா பாருங்க, அத தீர்மானிக்கறது டயர், டயர தீர்மானிக்கறது ஃப்ரேம்ல இருக்கற இடம், மத்தது எல்லாம் அதுக்கு அப்புறம்.

கடைக்கு போறதுக்கு முன்னாடி ஒரு வாரம் உங்க ரூட்ட நல்லா பாருங்க, கையில இருக்கற பழைய சைக்கிள்லயோ வண்டிலயோ ஒரு தடவ மெதுவா போயிட்டு வாங்க. தாருக்கும் மண்ணுக்கும் சேத்து செஞ்ச சைக்கிள கிராவல் பைக் கிராவல் பைக்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா நம்ம ஊர்ல கிராவல்னா லாரில வந்து கொட்டற செம்மண்ணு, அது இறுகிருச்சுன்னா தார் ரோட்டுக்கு பக்கத்துல வந்துரும், 32ல இருந்து 35 எம்எம் டயர் தாராளமா போதும். முக்கா ஜல்லி கொட்டி உருட்டாம விட்ட ரோடு, மாட்டு வண்டி போற தடம், வாய்க்கா மேட்டு சரளை இதெல்லாம் பாதிக்கு பாதி வந்தா 38ல இருந்து 42 வேணும். ஒன்றரை ஜல்லி கொட்டி அப்படியே போட்டு வச்ச ரோடு தினமும் வருதுன்னா 45க்கு மேல போயிருங்க. திருச்செந்தூர் பக்கம் தேரிக்காடு மாதிரி கால் புதையற மணல்னா எந்த டயர் போட்டாலும் இறங்கி தள்ளறதுதான், அதுக்காக சைக்கிள் பார்க்காதீங்க. என்னைய கேட்டா நம்ம பக்கத்துக்கு 38 சரியான நம்பர், தார்ல பெருசா இழுக்காது, மண்ணுல பயம் இருக்காது.

அகல டயர்னா ஸ்லோன்னு ஒரு நம்பிக்கை இருக்குது, அது சைக்கிள் கடை பழக்கத்துல வந்தது. ரோடு கண்ணாடி மாதிரி இருந்தா காத்து ஏத்த ஏத்த டயர் லேசா உருளும், அது சரிதான். ஆனா ரோடு சொரசொரன்னு இருந்தா கல்லு மாதிரி கெட்டியா இருக்கற டயர் ஒவ்வொரு ஜல்லிக்கும் சைக்கிளையும் உங்களையும் மேல தூக்கி போடுது, நீங்க மிதிச்ச சக்தி அந்த ஆட்டத்துல போயிருது. அகல டயர்ல காத்து கம்மியா இருந்தா ஜல்லி டயருக்குள்ள அமுங்கிட்டு சைக்கிள் நேரா போயிட்டே இருக்கும். ஸ்பீட கொறைக்கற இன்னொரு விஷயம் டயரோட துணி. மலிவு டயர் 30 டிபிஐன்னு (ஒரு இன்ச்சுக்கு எத்தனை நூல்னு) இருக்கும், தடிமனா வெறப்பா கயித்துக்கட்டில் மாதிரி. 60, 120 டிபிஐ டயர கையில வச்சு அமுக்குனாலே வித்தியாசம் தெரியும், துணி மாதிரி மடங்கும். வேகம் வர்றது அந்த மடங்கலுலதான். கொஞ்சம் விலை கம்மி சைக்கிள் எடுத்தா பெரும்பாலும் கம்பி வச்ச கனமான டயர்தான் போட்டு தருவாங்க, அதனால பட்ஜெட்ல ஒரு பங்க இப்பவே டயருக்குன்னு எடுத்து தனியா வச்சுருங்க, சக்கரத்துக்கும் கியருக்கும் செலவு பண்றதுக்கு முன்னாடி அந்த காசு டயருக்கு போகட்டும்.

டயர் பட்டன் பட்டனா இருக்கணுமான்னா வேண்டாம். நடுவுல வழுவழுன்னு இல்லன்னா நெருக்கமா சின்ன சின்ன கோடு, ஓரத்துல மட்டும் குட்டி பட்டன், இதுதான் கலவை ரூட்டுக்கு. நேரா போகும்போது நடுப்பகுதி மட்டும் ரோட்ட தொடும், மண்ணுல வளையும்போது ஓரம் புடிச்சுக்கும். டயர் பக்கவாட்டுல 38-622ன்னு ஒரு நம்பர் இருக்கும், முதல் நம்பர் அகலம், ரெண்டாவது ரிம் அளவு. 622ன்னா 700சி, 29 இன்ச் எம்டிபியும் அதே ரிம்தான். 584ன்னா 650பி, 27.5 இன்ச். டயர் வாங்கும்போது 700ன்னு வாயில சொல்றத விட்டுட்டு இந்த நம்பர பாருங்க, தப்பே வராது.

இப்ப கடைல செய்ய வேண்டிய முக்கியமான வேலை. பாக்கெட்டுல 4 எம்எம், 5 எம்எம், 6 எம்எம் ஆலன் கீ மூணு போட்டுட்டு போங்க. சைக்கிள் பின்னாடி குத்தவச்சு உக்காந்து, பெடலுக்கு பின்னாடி செயின் ஸ்டேங்கற ஃப்ரேம் குழாய் ரெண்டும் டயர நெருங்கற இடம் இருக்குதுல்ல, அங்க டயருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவுல ஆலன் கீய விட்டு பாருங்க. ரெண்டு பக்கமும் 4 எம்எம் கீ கூட போகலன்னா அந்த ஃப்ரேம் இப்ப இருக்கற டயரையே கஷ்டப்பட்டு சுமக்குதுன்னு அர்த்தம், பெருசு போட வாய்ப்பே இல்ல. 6 எம்எம் தாராளமா போச்சுன்னா நல்லது. அதே மாதிரி ஃபோர்க்கு தலைக்கு கீழ, சீட் ட்யூப்புக்கு பின்னாடி. ஏன் இவ்வளவு சொல்றேன்னா மழை பெஞ்ச மறுநாள் கரிசல் மண்ணு ரோட்டுல போனா டயர் மண்ண அள்ளிட்டு வந்து அந்த இடுக்குலதான் அப்பும், இடம் இல்லன்னா சக்கரம் சுத்தாம நின்னுரும், அதுக்கு மேல மிதிச்சா பெயிண்ட உரிச்சு எடுத்துரும். ஒரு நண்பரோட கார்பன் ஃப்ரேம்ல அந்த இடத்துல கயிறு கட்டி அறுத்த மாதிரி பள்ளம் விழுந்தத நான் கண்ணால பார்த்தேன். இன்னொன்னு, டயர்ல 38ன்னு போட்டிருந்தாலும் அகல ரிம்முல மாட்டுனா 40 வரைக்கும் விரியும், அதையும் சேத்து கணக்கு பண்ணுங்க. கம்பெனி பேப்பர்ல அதிகபட்ச டயர் எவ்வளவுன்னு எழுதி இருக்கும், அத கேட்டு வாங்கி படிங்க, கடைக்காரர் வாய்ல "போடலாம் சார் போடலாம்"னா அத நம்பி பணம் கட்டாதீங்க.

முள்ளு விஷயத்துக்கு வருவோம். நெருஞ்சி, சீமைக்கருவேலம், இட்டேரில கிளுவ வேலி வெட்டி போட்டிருந்தா அந்த முள்ளு, இதுக்கு நடுவுலதான் நம்ம ஓட்டறோம். அதனால ரிம்மும் டயரும் ட்யூப்லெஸ் போட முடியற மாதிரி இருக்குதான்னு கட்டாயம் பாருங்க. ட்யூப் இல்லாம உள்ள சீலன்ட்ங்கற ஓட்டை அடைக்கற திரவம் ஊத்தி ஓட்டுனா நெருஞ்சி முள்ளு குத்துனது கூட தெரியாது, தானா அடைச்சுக்கும், ட்யூப் இல்லாததால நான் மேல சொன்ன பாம்புக்கடியும் வராது, காத்த இன்னும் கொறைச்சு வைக்கலாம். ஆனா நம்ம வெயிலுக்கு சீலன்ட் ரெண்டு மூணு மாசத்துல காஞ்சுரும், பார்த்து பார்த்து ஊத்தணும், அது முடியாதுன்னா ட்யூபே போட்டு ரெண்டு ஸ்பேர் வச்சுக்குங்க, அதுல தப்பு ஒன்னும் இல்ல. ஒரு சின்ன பொருள் மறக்காதீங்க: இந்த சைக்கிள்ல பெரும்பாலும் ஒல்லியான ப்ரெஸ்டா வால்வு, ஊர்ல பஞ்சர் கடை கம்ப்ரெசர் வாய் அதுல உக்காராது. ஒரு பித்தளை அடாப்டர் வாங்கி வால்வுலயே திருகி வச்சுட்டா எந்த கிராமத்துலயும் காத்து அடிச்சுக்கலாம்.

அடுத்தது சைஸ். இதுல தப்பு பண்ணா எவ்வளவு நல்ல சைக்கிளும் வீட்டு மூலைல நிக்கும். செவுத்துல சாஞ்சு நின்னு, செருப்பு இல்லாம, தொடைக்கு நடுவுல ஒரு கெட்டி அட்டை புக்க நல்லா மேல தள்ளி புடிச்சுட்டு தரைல இருந்து புக்கு மேல்பக்கம் வரைக்கும் அளங்க. அத 0.883ஆல பெருக்குனா பெடல் சுத்தற அச்சு (கிராங்க்) நடுவுல இருந்து சீட்டு மேல வரைக்கும் வர வேண்டிய உயரம், 80 சென்டிமீட்டர்னா 70.6. இது ஆரம்ப புள்ளிதான், அப்புறம் அரை அரை சென்டிமீட்டரா மாத்திக்கலாம். சீட்டு உயரம் எந்த சைஸ்லயும் கொண்டு வந்துரலாம், ஃப்ரேம் நீளத்ததான் மாத்த முடியாது, அதனால சீட்டு சரி பண்ணிட்டு ஹேண்டில்ல பிரேக் லீவருக்கு மேல இருக்கற ஹூட்ல கை வச்சு அஞ்சு நிமிஷம் ஓட்டுங்க, முழங்கை லேசா மடங்கி இருக்கணும், விரல தூக்கி பியானோ வாசிக்கற மாதிரி ஆட்ட முடியணும். கை மேல முழு எடையும் இறங்குதுன்னா அது உங்களுக்கு நீளம். உயரம் கம்மியா இருக்கறவங்க இன்னொன்னும் பாருங்க, பெடல் முன்னாடி வந்த நிலைல ஹேண்டில திருப்புனா ஷூ முனை முன் சக்கரத்துல இடிக்குதான்னு. ரோட்டுல இது தொந்தரவு இல்ல, வாய்க்கா மேட்டுல சட்டுனு திருப்பும்போது இடிச்சா ஒரு பக்கம் தண்ணிதான்.

ஹேண்டில் கீழ வளைஞ்ச டிராப் பாரா நேரா இருக்கற பிளாட் பாரான்னா, 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போக ஆரம்பிச்சா உங்கள தடுக்கறது பெரும்பாலும் காத்துதான், குனிஞ்சு ஓட்ட டிராப் வேணும், மண்ணுல நல்லா புடிக்க கீழ்பக்கம் வெளிய விரிஞ்ச மாதிரி இருந்தா இன்னும் நல்லது. ஆனா ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர்தான், ஆபீஸும் போகணும், பணமும் கம்மின்னா சஸ்பென்ஷன் இல்லாத ஃபோர்க்கு, 38 டயர், டிஸ்க் பிரேக் வச்ச பிளாட் பார் ஹைப்ரிட் எடுங்க, நல்ல டயர் மாத்துனா அதுவே ஓடும். முன்னாடி மலிவு சஸ்பென்ஷன் போட்ட சைக்கிள மட்டும் வேண்டாம்னு சொல்லுவேன், ஃபோர்க்கே ரெண்டு கிலோவுக்கு மேல இருக்கும், மேட்டுல எந்திரிச்சு மிதிச்சா உங்க பலத்த அது குடிச்சுரும், நம்ம ரோட்டு குலுக்கலுக்கு டயர் காத்தே போதும்.

கியர் பத்தி பேசுனா பேசிட்டே இருக்கலாம், ரெண்டு விஷயம் போதும். முன்னாடி பல்சக்கரம் 46/30 பல்லு, பின்னாடி 11-34 பல்லு இருந்தா பெரிய கியர்ல நிமிஷத்துக்கு 90 தடவ மிதிச்சா 49 கிலோமீட்டர் வேகம் வரும், அத தாண்டி மிதிக்கறவங்க நம்மள்ல ரொம்ப கம்மி. சின்ன கியர்ல 30க்கு 34, ஒரு மிதிக்கு சக்கரம் ஒரு சுத்து கூட முழுசா சுத்தாது, நிமிஷத்துக்கு 60 மிதி மிதிச்சா 7 கிலோமீட்டர் வேகம், ஏற்காட்டோட 20 கொண்டை ஊசிக்கும் கொல்லிமலையோட 70 கொண்டை ஊசிக்கும் இந்த கியர் இருந்தா முட்டி தப்பிக்கும். ரோடு பைக்ல வர்ற 50/34 கூட ஓட்டலாம், பின்னாடி 34 பல்லு இருந்தா. முன்னாடி ஒரே பல்சக்கரம் 40, பின்னாடி 11-42ன்னு வர்றதும் நல்லா இருக்கும், செயின் கழலாது, சுத்தம் பண்றது சுலபம், 90 மிதிக்கு கிட்டத்தட்ட 43 வரும். ஆனா அதுல 11, 13, 15, 17ன்னு தாண்டி தாண்டி போகும், கூட்டமா வேகமா ஓட்டும்போது ஒரு கியர் கனமா இருக்கும் அடுத்தது லேசா இருக்கும். 11-32 கேசட்ல (பின்னாடி பல்சக்கர அடுக்குல) 11, 12, 13, 14, 16ன்னு நெருக்கமா இருக்கும். உங்க ரூட்ல தார் அதிகம்னா முன்னாடி ரெண்டு பல்சக்கரம் எடுங்க, மண்ணு அதிகம்னா ஒன்னு.

பிரேக் டிஸ்க்தான், யோசிக்கவே வேண்டாம். ரிம் பிரேக்ல ஈர மண்ணு ஒட்டுனா உப்புத்தாள் மாதிரி ரிம்ம தேச்சுரும், அதுவும் போக அகல டயருக்கு ரோடு பைக்ல வர்ற அந்த பிரேக்ல இடம் கிடையாது. ஹைட்ராலிக் ரெண்டு விரல்ல நிக்கும், கேபிள் டிஸ்க்னா எந்த ஊர்லயும் கேபிள் மாத்திக்கலாம், உங்க ஊர்ல ஹைட்ராலிக் பார்க்கற மெக்கானிக் இருக்காரான்னு கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில், டாட் ஆயில் கேக்கற பிரேக்கும் இருக்குது, மாத்தி ஊத்துனா சீல் போயிரும், அத மட்டும் மெக்கானிக்க ஞாபகப்படுத்துங்க.

ஃப்ரேம் அலுமினியமே போதும், முன் ஃபோர்க்கு கார்பன்னா கை வலி குறையும். எடைக்காக ரொம்ப அடிச்சுக்காதீங்க, நீங்களும் சைக்கிளும் சேந்து 80 கிலோன்னா ஒரு கிலோ கொறைஞ்சா ஒரு மணி நேர மலை ஏத்தத்துல முக்கா நிமிஷம் மிச்சம், அவ்வளவுதான். ட்ரெக் செக்பாயிண்ட், ஜெயண்ட் ரிவோல்ட், ஸ்பெஷலைஸ்டு டைவெர்ஜ், கேனன்டேல் டாப்ஸ்டோன், மெரிடா சைலெக்ஸ் எல்லாம் இந்த கிராவல் வகைதான், இதுல சைலெக்ஸ் முன்னாடி உயரமா நிமிந்து உக்கார வைக்கும், முதுகு வலி இருக்கறவங்களுக்கு புடிக்கும். 200 கிலோமீட்டர் பிஆர்எம் (நேரத்துக்குள்ள முடிக்க வேண்டிய நீண்ட தூர ஓட்டம்) மாதிரி ஓட்டற ஆசை இருந்தா அதுக்கு 13 மணி 30 நிமிஷம் நேரம், சாப்பிடறது பங்க்சர் எல்லாம் அதுக்குள்ளதான், அப்ப மூணு பாட்டில் மாட்டற துளையும் மட்கார்ட் துளையும் இருக்குதான்னு பாருங்க, நம்ம வெயில்ல தண்ணிதான் முதல்ல தீரும்.

செகண்ட் ஹேண்ட்னா சக்கரத்த தூக்கி சுத்தி விட்டு டிஸ்க் கிட்ட காத வச்சு கேளுங்க, ஹப்புல மண்ணு போயிருந்தா கரகரன்னு சத்தம் வரும், ஸ்போக்க ரெண்டு ரெண்டா சேத்து கையால அமுக்கி பாருங்க, ஒன்னு மட்டும் தொளதொளன்னு இருக்கக்கூடாது. ஃப்ரேம்ல அந்த டயர் இடுக்க டார்ச் அடிச்சு பாருங்க.

கடைசியா ட்ரையல். கடை வாசல்ல ஒரு ரவுண்டு போயிட்டு வந்து பணம் கட்டறது வேணாம், பக்கத்துல எங்கயாவது மண்ணு ரோடோ லேஅவுட் போட்ட காலி இடமோ இருக்கும், அங்க கொண்டு போங்க. முன்னாடியே டயர்ல காத்து பார்த்துக்குங்க, கடைல பல சமயம் கல்லு மாதிரி அடிச்சு வச்சிருப்பாங்க, அதுல ஓட்டி பார்த்தா எந்த சைக்கிளும் மோசமாத்தான் தெரியும். 70 கிலோ ஆளு, 38 டயர், ட்யூப்போடன்னா முன்னாடி 38, பின்னாடி 43 பிஎஸ்ஐ கிட்ட வச்சு ஆரம்பிங்க, ட்யூப்லெஸ்னா அதுல அஞ்சு கம்மி. சீட்டுல இருந்து எந்திரிச்சு மிதிங்க, மண்ணுல பின் பிரேக் மட்டும் புடிச்சு பாருங்க, ஒரு கையால தண்ணி பாட்டில் எடுத்து குடிச்சு பாருங்க, அப்பவும் நேரா போகுதுன்னா அது உங்களுக்கு ஏத்த சைக்கிள்.

வீட்டுக்கு கொண்டு வந்த பிறகு முதல் 200 கிலோமீட்டர் ஓட்டிட்டு ஹேண்டில புடிச்சிருக்கற ஸ்டெம் போல்ட், ஸ்போக், கேபிள் மூணையும் ஒரு தடவ பார்த்துருங்க, புதுசுல எல்லாம் கொஞ்சம் தளரும். காத்த மட்டும் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ரெண்டு பிஎஸ்ஐ கொறைச்சு கொறைச்சு அதே ரூட்ல ஓட்டி பாருங்க, கல்லுல இடிச்சா ரிம்முல டங்குனு சத்தம் கேக்கற நிலை ஒன்னு வரும், அங்க இருந்து மூணு பிஎஸ்ஐ ஏத்தி அந்த நம்பர ஒரு சின்ன டேப்புல எழுதி ஸ்டெம்முக்கு அடில ஒட்டி வச்சுருங்க, என் சைக்கிள்ல முன்னாடி 34, பின்னாடி 38ன்னு ஒட்டி இருக்குது.